இதர

ஜக்கரியாவின் காமிராவுக்கு
இன்னும் பதினேழு மாதத் தவணை பாக்கி.
மார்கழியில் முகூர்த்தம் கிடையாது.
அதனால் நாள்கூலிக்கு என்னோடு வந்தான்
புயல் ஒதுக்கிப்போட்ட படகுகளைக் கணக்கெடுக்க.

கடலூர் முதுநகர், உப்பனாற்றுச் சேறு.
கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களாக
பைபர் படகுகள்.

என்னுடையது
கைப்பையில் சில்லறையோடு கிடக்கிற ஜாதி.
இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துப் பன்னிரண்டு வருஷம்.
பேட்டரி மூடிக்கு ஒரு ரப்பர் பேண்ட்.
பொத்தானை அழுத்தினால்
கொட்டாவி விட்டு மூக்கை நீட்டும்,
யோசிக்கும்,
பிறகு எடுக்கும்.
அதற்குள் நான் மூச்சு விட்டு முடித்திருப்பேன்.

அவனுடையதில் கண்ணாடி இல்லையாம்.
சடக்கென்று உள்ளே நிமிர ஒன்றுமில்லை,
வெளிச்சம் நேரே போய் உட்காருமாம்.
"சத்தமே வராதுக்கா.
தாலி கட்டும்போது பக்கத்துல நின்னு எடுத்தாலும்
ஐயருக்குத் தெரியாது."
அதன் லென்ஸை மட்டும் என் பையில் வைக்கணும் என்றாலும்
டிபன் பாக்ஸ் வெளியே வரணும்.

சத்தம் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை.
உருவத்தைக் கவனித்தார்கள்.
எந்தச் சேனல் என்றார்கள்.
ஒருத்தி தலையை வாரிக்கொண்டு வந்தாள்.
இரண்டு பேர், கிழிந்த வலையை
இன்னும் கொஞ்சம் விரித்துப் பிடித்தார்கள்.
என் டப்பாவுக்காக
யாரும் எதையும் விரிக்கவில்லை.
நாய் மட்டும் எழுந்து தள்ளிப் படுத்தது.

தேசப்பன் படகில்
அணியத்தில் எழுதிய எண் பாதி உரிந்திருந்தது.
ஜக்கரியா ஆளை முன்னால் நிறுத்தி எடுத்தான்.
தாடியில் ஒவ்வொரு முடியும் தனித்தனி,
காதோரம் காய்ந்த உப்பு வரை.
பின்னால் படகு இருந்த இடத்தில்
ஒரு நீலப் பூச்சு.
"எண் எங்கடா?"
"பின்னாடி மங்கலா வந்தாத்தான்க்கா விலை."
விலை அவனுக்கு.
எனக்கு நாலு இலக்கம் போதும்.

என்னுடையதற்கு மங்க வைக்கத் தெரியாது.
ஆள், எண், விரிசல்,
ஐஸ் பாக்டரிச் சுவரில் பழைய தேர்தல் போஸ்டர்
எல்லாம் ஒரே தூரத்தில்
ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கும்.
தேசப்பனின் கண்கள்
இரண்டு புள்ளி.

வலைக்கூடத்து இருட்டில் எஞ்சினை எடுக்கப் போனபோது
என் படத்தில் ரவை கொட்டியிருந்தது.
அவனுடையதில் சிலிண்டர் பக்கம் ஓடிய வெடிப்பு
தலைமுடி கணக்காகத் தெரிந்தது.
சரி, இதை நீயே எடு என்றேன்.
அவன் சிரிக்கக்கூட இல்லை, நல்ல பையன்.

வெளியே வந்ததும்
திரையைத் திருப்பி தேசப்பனுக்குக் காட்டினான்.
"உங்களையே பாருங்க."
திரைக்குள் ஒரு பச்சைச் சதுரம்
அவர் இடது கண்ணில் உட்கார்ந்திருந்தது.
அவர் முகத்தைத் திருப்பினார்.
சதுரம் வலதுக்கு வந்தது,
நிற்கவில்லை,
இடதுக்கே போனது.
இன்னொரு தரம் திருப்பினார்.
"அது ஏன் தம்பி அந்தப் பக்கமே ஓடுது?"

"செட்டிங்" என்றான் ஜக்கரியா.
சுத்தமாக இருந்த லென்ஸைத் துடைத்தான்.

வலது கண்ணில்
ஆறின கஞ்சியின் ஏடு போல் ஒன்று
அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.
காலையிலிருந்து அவரை
ஆறு படம் எடுத்திருக்கிறேன்.

அவர் உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தினார்.
படகுப் பக்கம் திரும்பி நின்று
எண்ணை உரக்கப் படித்தார்.
சரியாகத்தான் படித்தார்.
பதினோரு வருஷமாக
போலீஸுக்கும் டோக்கன் ஆபீஸுக்கும்
சொல்லிச் சொல்லிப் பழகிய எண்.

பாரத்தில் படகு, எஞ்சின், வலை, இதர.
இதரவுக்கு நேரே
ஐஸ்பெட்டி இரண்டு என்று எழுதினேன்.
அவர் கையெழுத்துப் போட
இடம் எது என்று கேட்டார்.
விரலை வைத்துக் காட்டினேன்.

மஞ்சக்குப்பம் பஸ்ஸில் ஜக்கரியா தூங்கிப்போனான்,
காமிரா வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி.
நான் டப்பாவை அணைத்தேன்.
மூக்கு உள்ளே போனது.
கண்மூடி மட்டும் பாதியில் நின்றுவிட்டது.
மணல்.
நகத்தால் தள்ளினேன்,
ஊதினேன்.
பெரியகுப்பத்துக்காரர் ஒருவர்
பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து
"இதெல்லாம் இப்ப யாரும்மா வச்சிருக்கா" என்றார்.